பேந்து போகலாம்

அந்த வீட்டில் எதுவும் மணக்கவில்லை. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒரு தமிழ் வீடு, அதுவும் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கதவைத் திறந்ததும் தாளிதமும் மீன்குழம்பும் முகத்தில் அடிக்க வேண்டாமா? சுதாஜினி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கழுவி வைத்த போத்தலுக்குள் முகத்தை விட்டது போல் இருந்தது.

பொஸ்ரனிலிருந்து சூரிச்சுக்குப் போகிறவள் அவள். மொன்றியலில் அடுத்த விமானத்துக்குச் சாயந்தரம் வரை காத்திருக்க வேண்டும். சூரிச்சில் அம்மா செயற்கைச் சுவாசத்தில் கிடந்தாள். மகள் வந்து ஒருமுறை பார்க்கட்டும் என்றுதான் டொக்டர்மார் குழாயைக் கழற்றாமல் வைத்திருந்தார்கள். இந்த நினைப்போடு விமான நிலையக் கதிரையில் தனியாகக் குந்தியிருந்தால் யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது? "வெளியில வாங்கோ மச்சாள், வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று மச்சான் சாம்பவன் போனில் சொன்னதும் சரியென்றுவிட்டாள்.

விமான நிலைய வாசலில் சாம்பவன் நிற்கவில்லை. வயதான ஒருவர்தான் முன்னால் வந்தார். "சுதாஜினிப் பிள்ளையோ? நான் ஆனந்தராசா. வாங்கோ, வீட்டை பாத்துக்கொண்டிருக்கினம்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். சாம்பவன் அனுப்பிய ஆளாக்கும் என்று இவளும் காரில் ஏறிவிட்டாள். அந்நிய ஊரில் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்தால் போதும், நம்மவர்களுக்கு வேறு அடையாளமே வேண்டாம்!

அது ஒரு பேஸ்மென்ட் வீடு. நிலத்தோடு ஒட்டிய சின்ன யன்னலைப் பனி பாதிக்கு மேல் மூடியிருந்தது. ஆனந்தராசாவின் மனைவி கிளி தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே அமர்ந்து, இவளையே பார்த்தபடி இருந்தா. சாத்தியிருந்த உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஹீற்றர் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அது இழுத்தது, கொஞ்சம் நின்றது, பிறகு நீளமாக விட்டது. மறுபடியும் இழுத்தது.

"உள்ளுக்கை ஆர் அன்ரி?"

"படுத்திருக்கினம். தேத்தண்ணியைக் குடியுங்கோ."

தேத்தண்ணி பச்சைத்தண்ணியாக இருந்தது. சுதாஜினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. யன்னலில் பனி ஏறிக்கொண்டே வந்தது. விமானத்தைத் தவறவிட்டால் அம்மாவின் முகத்தை உயிரோடு பார்க்க முடியாது. எழுந்து கோட்டைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினாள்.

"வெளிக்கிடுறன் அன்ரி. சினோ கொட்டுது, ரோட்டை மறிச்சிடும்."

"ஏன் பிள்ளை அந்தரப்படுறியள்? கொஞ்சம் இருந்திட்டுப் பேந்து போகலாம்."

அப்போது போன் அடித்தது. சாம்பவன்.

"மச்சாள், எங்க நிக்கிறியள்? டோர்வல் எயார்போட் வாசல்ல நிண்டு நிண்டு கால் விறைச்சுப்போச்சு."

"நீங்கள் அனுப்பின ஆனந்தராசா அண்ணையோடை வந்திட்டனே?"

"ஆர்? நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை."

லைன் அறுந்தது. திரும்பிப் பார்த்தாள். வெளிக்கதவில் சாய்ந்தபடி ஆனந்தராசா. எப்போது வந்தார்? காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"கதவைத் திறவுங்கோ."

அவர் அசையவில்லை.

"ஐயோ, திறவுங்கோ! நான் அம்மாவைப் பாக்க வேணும்!"

கிளி முதல் தடவையாகச் சிரித்தா. "அதுக்குத்தானே பிள்ளை உங்களை இங்க கூட்டி வந்தது."

உள்ளறைச் சத்தம் இழுத்தது. நின்றது.

காத்திருந்தாள். அது திரும்ப வரவில்லை. வீடே காதடைத்துப் போனது.

கைக்குள் போன் அதிர்ந்தது. சூரிச்சிலிருந்து தம்பி. எடுக்காமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

உள்ளறைக் கதவு திறந்தது.

ஆஸ்பத்திரிச் சட்டை. வெறுங்கால். வாயோரம் பிளாஸ்டர் பிய்ந்த சிவப்பு. வாயிலிருந்து தொங்கிய குழாய், தரையில் இழுபட்டு, பின்னால் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வந்திட்டியே பிள்ளை."

அம்மாவின் குரலேதான். உதடு அசையவில்லை.

ஓட வேண்டும். அழுகைதான் வந்தது. அம்மா கிட்ட வந்தாள். இன்னும் கிட்ட. மூச்சு இல்லாத முகம்.

"எனக்குக் குளிருது. நீ இரு."

குளிர்ந்த விரல்கள் கழுத்தடிக்கு வந்து, கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கின.