நாலு மணிப் பதிவு

நாற்பத்தொரு நாளைக்குப் பிறகு லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். மனைவி இறந்துபோன மறுநாளே தங்கை அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மீதித் துணிமணியை எடுத்துப்போகத்தான் இன்று வந்திருந்தார்.

மாலை நாலு மணி இருக்கும். அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்க வாடையே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் கைகளில் வீசுமே, அந்த ஸ்பிரிட் வாசனைதான் கூடம் முழுக்க நின்றது. உள்ளறையில் ஏதோ மெல்ல இரைந்தது. முப்பது வருஷமாக மோட்டார்களோடு மல்லுக்கட்டிய காது அது. கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று உடனே தெரிந்துவிட்டது.

போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போனார். திரும்பிப் பார்த்தார்.

அது அணைந்தபடியேதான் இருந்தது.

அவள் எக்ஸ்ரே எடுப்பவள். வேலை முடிந்து வந்ததும் தினமும் நாலு மணிக்கு வலைப்பதிவு எழுத உட்காருவாள். பதிமூன்று வருஷத்தில் ஒரு நாள் விட்டதில்லை. கரு கலைந்து வீடு திரும்பிய அன்றுகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. போதாக்குறைக்கு, அவள் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வாயை விட்டார்: "யாரு படிக்கிறா இதை? சுவத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணு, இதுவும் ஒண்ணு."

அவள் திரும்பாமல் தட்டிக்கொண்டேயிருந்தாள். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் எக்ஸ்ரே அறையிலேயே சரிந்து விழுந்தாள். பேச்சு அப்படியே நின்றுபோனது.

இப்போது திரையில் அவளுடைய வலைப்பதிவு திறந்திருந்தது. மேலே இன்றைய தேதி.

நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே கையை நீட்டி, அவள் செத்த நாளுக்குப் போனார். அன்றைக்கும் ஒரு பதிவு இருந்தது.

'வேலையிலிருந்து எப்படி வந்தேன் என்றே நினைவில்லை. வாசலில் நிறையச் செருப்புகள். யாரும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவரும்தான்.'

மறுநாள்: 'சொல்லாமல் கொள்ளாமல் தங்கையோடு கிளம்பிவிட்டார். கோபம் தீரவில்லை போல.'

ஒன்பதாம் நாள்: 'கதவு எனக்குத் திறக்கமாட்டேன் என்கிறது.'

முப்பதாம் நாள்: 'நான் எழுதுவதுதான் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுகிறேன். இதையும் விட்டால் யாரிடம் பேசுவேன்?'

இன்றைய பதிவுக்கு வந்தார்.

'பூட்டு திறக்கும் சத்தம். வந்துவிட்டார்! இளைத்துப் போயிருக்கிறார். என்னைத் தாண்டித்தான் வந்தார்.'

அதற்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்.'

நாற்காலி மெத்தை அமுங்கியிருந்தது.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, கிளம்பிட்டியா?"

"அவ இங்க இருக்கா," என்றார் கிசுகிசுப்பாக.

"யாரு?"

"உங்க அண்ணி. அவளுக்கு... அவளுக்கே தெரியல."

"அண்ணா, மொதல்ல வெளிய வா. நான் சொல்றதக் கேளு!"

அவர் போனை வைத்தார்.

'தங்கையிடம் பேசுகிறார். என்னிடம் மட்டும்தான் பேசமாட்டார்.'

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. நாற்காலி பக்கத்தில் மண்டியிட்டார்.

"கோபமெல்லாம் இல்லடி. நான் பேசினது தப்பு. ஆனா நீ... அன்னைக்கு அந்த ரூம்லயே போயிட்டடி. உன் கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜில்லுனு இருந்துச்சு."

எழுத்துகள் நின்றன.

இரைச்சல் அடங்கியது. திரை இருண்டது. அமுங்கியிருந்த மெத்தை மெதுவாக மேலெழுந்தது.

அறையின் மூலையில் அழுகை ஆரம்பித்தது.

அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. அவள் எப்போதும் அப்படித்தான் அழுவாள். வெளிச்சம் சுவரை விட்டு இறங்கும்வரை அது ஓயவில்லை. கையை நீட்டினார். காற்றுதான் இருந்தது. அழுகை நின்றபோது ஸ்பிரிட் வாசனையும் போய்விட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை இழந்தவளை, தன் வாயாலேயே இன்னொரு தடவை இழந்தார்.

அவர் தங்கை வீட்டுக்குத் திரும்பவில்லை. மெயின் சுவிட்சைப் போட்டு, முதல் பதிவிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பதிவுகள். கரு கலைந்த அன்று அவள் எழுதியிருந்தது ஒரே வரி: 'இவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார், எனக்குத் தெரியாதென்று நினைக்கிறார்.' அந்த வரியில் மட்டும் இரண்டு நாள் நின்றுவிட்டார்.

படித்து முடிக்க ஐந்து மாதமாயிற்று. முடித்த மறுநாள், நாலு மணிக்கு அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டித் தடவி எழுதினார்.

'காலையிலிருந்து மலை. வீட்டில் நான் மட்டும் தனியாக இருக்கிறேன்.'

வெளியிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துத் திரும்பி வந்தார்.

'மலை', 'மழை' ஆகியிருந்தது.

'மட்டும் தனியாக' என்பதைக் காணோம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'நான்' என்ற சொல்லும் எழுத்தெழுத்தாக அழிந்தது.

'வீட்டில் இருக்கிறோம்.'