கொப்பரைக் களத்தில் நின்ற கார்

எந்தக் காரைக் கண்டாலும் சத்தியசீலன் முதலில் அதன் அடியில் இருக்கும் தரையைத்தான் பார்ப்பார். காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்து வண்டிகளை மதிப்பிட்ட காலத்தில் படிந்த வழக்கம் அது. ஓய்வு பெற்ற பின்னும் விடவில்லை. போத்தனூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் நலம் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் யாருடைய வண்டிக்கு அருகிலாவது குனிந்துகொண்டிருப்பார். "முழங்கால் போடறதைக் கோயிலுக்குள்ளயே முடிச்சுட்டு வரக்கூடாதா?" என்று மனைவி டெய்சி கேலி செய்வாள். ஆனால் துப்பறியும் வேலை ஏதேனும் வந்துவிட்டால், அவரைவிட அவளுக்குத்தான் அவசரம் அதிகம்.

அப்படியொரு வேலை, கோடையின் ஒரு காலையில், இரவல் ஸ்கூட்டரில் ஏறிக் கிணத்துக்கடவிலிருந்து வந்து சேர்ந்தது. வந்தவர் கொப்பரை வியாபாரி தம்பிதுரை.

"ஏனுங்க சார், என்ற புது டீசல் கார்ல டிபிஎஃப் விளக்கு மறுபடி மறுபடி எரியுதுங்க" என்றார் அவர், உட்காருவதற்கு முன்பே.

டெய்சி கணவரின் முகத்தைப் பார்த்தாள். "எஞ்சின் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது" என்று சத்தியசீலன் விளக்கினார். "நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடினால், அந்தச் சூட்டில் கரியைத் தானே எரித்துச் சுத்தமாகிவிடும். அடைத்துக்கொண்டால் விளக்கு எரியும்."

"டீசலும் ஓட்டத்துக்கு மீறிக் குறையுதுங்க. டிரைவர் சின்னான் டீசலை உறிஞ்சி வித்துப்போட்டு, மண்ணெண்ணெயைக் கலந்து ஊத்தியிருக்கான். சாவியைப் புடுங்கிட்டு அனுப்பிட்டேன். பொள்ளாச்சியில மண்டி வெச்சிருக்கற பொங்கியண்ணன் அவனை டிரைவராச் சேத்துக்கப் பாத்தாருங்க. ஃபோன் போட்டு 'அவன் திருடனுங்க'ன்னு சொல்லிப்போட்டேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்குப் போலீஸ்ல புகார் குடுத்துருவேன்."

"சின்னான் என்ன சொன்னார்?"

"பொள்ளாச்சி ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டிட்டு வாரேன், விளக்கு அணைஞ்சிரும்னான். ஊர் சுத்த நல்ல சாக்குங்க! நம்ம வண்டி ஊட்டுல இருந்து களத்துக்கு வரும். அங்கயே நிக்கும். சாயங்காலம் ஊட்டுக்குப் போகும். அவ்வளவுதானுங்க."

டெய்சி காப்பியை நீட்டினாள். "கொப்பரை இப்ப என்ன விலைங்க?"

"விலையை வாயால சொல்லுவாங்களா அக்கா?" தம்பிதுரை சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்துக் கையின் மீது போட்டார், துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. "அந்தியூர்ச் சந்தையில மாடு பேசறாப்புல, விரலைப் புடிச்சுத்தான். அதுவும் மூணாம் ஆளு காதுல விழாத எடத்துல, ரெண்டே பேரு உக்காந்து."

அன்று நண்பகல் மூவரும் களத்தை அடைந்தனர். சின்னானையும் வரச் சொல்லியிருந்தார் சத்தியசீலன். கார், கிடங்குச் சுவரோரம், எப்போதும் நிற்கும் இடத்திலேயே நின்றது. சத்தியசீலன் வழக்கம்போல் குனிந்தார். களம் முழுவதும் காய்ந்து வெடித்துக் கிடக்க, காரின் முன்பகுதிக்குக் கீழே மட்டும் ஒரு முறத்தின் அகலத்துக்கு அருகம்புல் தளதளவென்று வளர்ந்திருந்தது.

"குழாய் எங்கயோ உடைஞ்சிருக்கு" என்றாள் டெய்சி.

"இந்தப் பக்கம் குழாயே இல்லீங்க" என்றார் தம்பிதுரை.

சத்தியசீலன் காரின் டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலை எடுத்து, அதில் அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்த்தார். கலப்படம் ஏதுமில்லை. பிறகு எஞ்சின் ஆயிலின் அளவுகோலை உருவினார். ஆயில் மேற்கோட்டையும் தாண்டி நின்றது, நீர்த்திருந்தது, டீசல் வாடை அடித்தது.

"கண்டுபிடிச்சாச்சு! மெக்கானிக் அளவு தெரியாம ஊத்திட்டான்" என்றாள் டெய்சி.

"இல்லீங்க. சர்வீஸ் முடிஞ்ச அன்னிக்கு நானே பாத்தேன். கோட்டுக்குள்ளதான் இருந்துச்சு" என்றார் தம்பிதுரை.

சத்தியசீலன் எல்லோரையும் கிடங்கு நிழலில் உட்கார வைத்தார். சின்னான் மட்டும் நின்றுகொண்டான். அவன் முகத்தில் கோபத்தைவிட அயர்ச்சியே மிகுந்திருந்தது.

"எஞ்சின் ஆயில் குறையலாம், தானாகக் கூடிவிடாது" என்று தொடங்கினார் அவர். "கூடியிருப்பது டீசல். களவு போன டீசல் உங்கள் எஞ்சினுக்குள்ளேயே எப்படி வந்தது? கரி நிறைந்ததும், வடிகட்டியைச் சூடாக்க எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். கரி எரிந்து முடியுமுன் எஞ்சினை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். எரியாத டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கிவிடும். மறுநாளும் அதே கதை."

"களத்துக்கும் ஊட்டுக்கும் போய்வந்தே அவ்வளவு டீசல் தீருமாங்க?"

"தீராது. மீதிக் கதையைப் புல் சொல்கிறது. ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும். இந்தக் கோடையில் புல் வளரும் அளவுக்குச் சொட்டியிருக்கிறதென்றால், எஞ்சின் நின்ற இடத்திலேயே நாள்தோறும் வெகுநேரம் ஓடியிருக்கிறது."

டெய்சி திரும்பினாள். "சின்னா, உள்ள படுத்துத் தூங்குனியா?"

"இல்லீங்கம்மா. வியாபாரிக வந்தா மொதலாளி என்னை டீக்கடைக்கு அனுப்பிருவாருங்க. விலை பேசையில நான் பக்கத்துல நிக்கக்கூடாதுங்க."

"மூன்றாம் ஆள் காதில் விழாத இடம் இந்தக் களத்தில் ஒன்றுதான் இருக்கிறது" என்றார் சத்தியசீலன். "கண்ணாடி ஏற்றிய கார்."

தம்பிதுரையின் குரல் இறங்கியது. "வெயில்ல வந்த மனுசனை ஏ.சி. போட்டு உக்கார வெக்கறதுதானுங்களே மரியாதை? நிக்கற வண்டிக்கு என்னங்க ஆகும்?"

"நிற்கும் வண்டியின் புகையில் கரி உண்டு, அதை எரிக்கும் சூடு இல்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு யானை, குட்டையின் நடுவில் நின்றுகொண்டே, 'தண்ணீரைக் கலக்கியவன் எவன்?' என்று பிளிறியதாம். கரையிலிருந்த தவளை பயந்து ஊரைவிட்டே ஓடிற்று. அதன் பிறகும் தண்ணீர் தெளியவில்லை."

"தவளையாவது ஓடிருச்சுங்க" என்றான் சின்னான். "எனக்குப் போக எடமில்லாமப் பண்ணிப்போட்டாரு."

தம்பிதுரை தலை குனிந்தார். பிறகு பொங்கியண்ணனை ஃபோனில் அழைத்து, தாம் சொன்னது தவறு என்றார். ஒலிபெருக்கியில் பதில் கேட்டது: "ஃபோன்ல திருடங்கறே, ஃபோன்லயே நல்லவங்கறே. எதையப்பா நம்பறது? நேர்ல வந்து சொல்லு."

மறுநாள் ஆயிலை மாற்றிய கையோடு தம்பிதுரையும் சின்னானும் பொள்ளாச்சிக்குப் புறப்பட்டனர். சின்னான் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் போனபோது தம்பிதுரை தடுத்தார். "நீ அந்தப் பக்கம் உக்காரு, கண்ணு. இன்னிக்கு நான் ஓட்டறேன்." நாற்கரச் சாலையில் கார் ஒரே சீராக ஓடியது. பொள்ளாச்சி எல்லையில் விளக்கு அணைந்தது. இருவரும் அதைப் பார்த்தனர்.

பொங்கியண்ணனின் வாசலில் ஆட்கள் பலர் நின்றிருந்தனர். அவர்கள் விலகட்டும் என்று தம்பிதுரை காத்திருக்கவில்லை.

"ஒருத்தரும் திருடலீங்க. என்ற தப்புக்கு இவன் மேல பழி போட்டவன் நான். சின்னா, என்னை மன்னிச்சிரு. நீ திரும்பி வந்தாலும் சரி, இங்க சேந்தாலும் சரி."

சின்னான் பொங்கியண்ணனின் வாசற்படிப் பக்கம் நகர்ந்தான். "இங்கயே சேந்துக்கறேனுங்க மொதலாளி" என்றான். பிறகு கார்க் கதவை அவனே திறந்துவிட்டான். "நீங்க போகையில வழியில எங்கயும் நிறுத்திப்போடாதீங்க. சீராப் போங்க."