ஒன்பது இருபதுக்குக் காணாமல் போன சோதனை

காலை 11.10. மென்பொருளின் ஒவ்வொரு பகுதியையும் ஓட்டிச் சோதித்து விளக்கு போட்டுக் காட்டும் பில்ட் பலகையில் எட்டு மாட்யூல்களும் பச்சை. அதைப் பார்த்ததும் அவள் நாற்காலியைத் திரைக்கு முன் இழுத்துப் போட்டாள்.

ஆறு நாளாக மூன்றாவது விளக்கு சிவப்பு. அது மருந்தளவு மாட்யூல். அதை நம்பி நிற்கும் மற்ற ஐந்தும் சாம்பல் நிறம். இன்று எல்லாம் ஒரே பச்சை.

தேடினாள். வரம்பு தாண்டினால் பம்ப் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் காணோம். 9.20க்கு, அந்த அறையில் வேலை செய்யும் மூவரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கிலிருந்து யாரோ அழித்திருக்கிறார்கள்.

பன்னிரண்டுக்குப் பலகை பச்சையாக இருந்தால் ஆஸ்பத்திரி வார்டு ஒன்றில் நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் ஆறு பம்புகள் புதுப் பதிப்பைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். அதில் ஒன்று அவள் அண்ணனின் கையில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தது. வார்டில் போனை யாரும் எடுக்கவில்லை.

11.15. சோதனையைத் திரும்ப வைத்தாள். 11.22. மறுபடி காணோம்.

பின்னால் இரண்டு விசைப்பலகைகள் தட்டிக்கொண்டிருந்தன. மருந்தளவு மாட்யூலை எழுதும், எல்லாரும் வாத்தியார் என்று கூப்பிடும் பெரியவர். திரை மாட்யூலை எழுதும், மாப்பிள்ளை என்று பெயர் விழுந்த பையன். மூவரில் இருவர் சம்மதித்தால் பொதுக் கணக்கில் நுழையும் மூன்றாமவரின் அனுமதியைப் பறிக்கலாம். ஆனால் எவரோடு சேர்ந்து எவரை? ஆள் மாறினால் அழித்தவர் உள்ளேயே இருப்பார், அவ்வளவுதான்.

"வாத்தியாரே, ஒன்பது இருபதுக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"தலைல கைய வச்சு உக்காந்திருந்தேன். ஆறு நாளா மானம் போகுதே."

"நீ, மாப்பிள்ளை?"

"ஒன்பதே கால் பில்டுல என் திரை சோதனை ஒண்ணு ஊத்திக்கிச்சுக்கா. அத சரி பண்ணிட்டிருந்தேன். சிவப்பா கெடந்தது அவரோடது. என்னைப் போய் கேக்குறீங்க."

வாத்தியார் தலையைத் தொங்கப் போட்டார்.

அவள் 9.15 பில்டின் பதிவைத் திறந்தாள். இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஐந்து சாம்பல்.

11.46. "வாத்தியாரே, சம்மதம்னு அழுத்துங்க. மாப்பிள்ளைய வெளிய எடுக்கணும்."

மாப்பிள்ளையின் விரல்கள் நின்றன. "என்னக்கா விளையாடுறீங்க?"

"ஒன்பதே காலுக்கு உன் திரை மாட்யூலும் சாம்பல். சாம்பல்னா ஓடவே இல்லைன்னு அர்த்தம். கீழ இருக்கிற மாட்யூல் விழுந்தா மேல இருக்கிறத பில்ட் தொடாது. ஓடாத சோதனை உனக்கு மட்டும் எப்படிடா ஊத்திக்கிச்சு?"

மாப்பிள்ளை விசைப்பலகையைத் தள்ளி வைத்தான்.

"ஆறு நாளா என் முறை வரவே இல்லக்கா," என்றான். "என் வேலை சரியா தப்பான்னு கூடத் தெரியல. பன்னண்டு வரைக்குமாவது ஓடட்டும்னுதான் ரெண்டு தடவையும் அழிச்சேன். சோதனையிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

வாத்தியார் அழுத்தினார். அவள் சோதனையை மூன்றாம் முறையாக வைத்தாள்.

11.57. மூன்றாவது விளக்கு சிவந்தது. கீழே அறிக்கை ஓடியது. நிஜத்தில் இல்லாத ஒரு பம்ப், நிஜத்தில் இல்லாத ஒரு நோயாளிக்கு, வரம்பைத் தாண்டியும் மருந்தை இறக்கிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. மூவரும் மருந்தின் அளவைக் காட்டும் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.