நான் உடைக்காத டாங்கிள்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் ஒரே பெயர்தான் அடிபடும். ரீட்டா. அதாவது, நான்.

மிக்சி மூடி விரிசல் விட்டால் ரீட்டா. கடிகாரம் நின்றுபோனால் ரீட்டா. பேட்டரி தீர்ந்து நின்ற கடிகாரத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்!

அன்றைக்கும் அப்படித்தான்.

"அடியே ரீட்டா! டாங்கிளை இன்னாடி பண்ண?"

ஜேம்ஸ் அண்ணன் போட்ட கத்தல் கோட்டை ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். எதிர்வீட்டு ராஜாம்பாள் அத்தை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

டாங்கிள் என்பது விரல் நீளத்தில் இருக்கும் ஒரு மோடம். உள்ளே சிம் கார்டு போட்டு, லேப்டாப்பில் சொருகினால் நெட் வரும். அன்றைக்கு வரவில்லை.

"நான் தொடவே இல்ல!" என்றேன்.

"தொடாமத்தான் கெட்டுப்போச்சா? போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு! நாலு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? வீட்டில் எப்போதும் அதே பேச்சுதான். பிளஸ் டூ முடித்த அண்ணனுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் வேண்டும். அவன் கேட்ட படிப்பில் ஒரே ஓர் இடம்தான் மீதி. வீடியோவில் நேர்காணல். நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, மாதாந்திரப் பராமரிப்பு என்று எங்கள் ஊர் செஞ்சி முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். பஜாரில் நெட் சென்டர்கள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. வீட்டில் இருக்கும் ஒரே பெரிய போன், லோடு ஏற்றப் போன நைனாவோடு, அதாவது அப்பாவோடு, அவலூர்பேட்டையில் இருந்தது. லேப்டாப்பில் மட்டும்தான் சார்ஜ் இருந்தது.

அம்மா மாதா படத்துக்குக் கீழே இருந்த தீர்த்தப் பாட்டிலை எடுத்து வந்தார். விரலில் தொட்டு, டாங்கிள்மேல் தெளித்தார்.

"அம்மா! அது கரண்டு பொருளும்மா!" என்று அண்ணன் அலறினான்.

"ரெண்டு சொட்டுதாண்டா. நல்லதுதான் நடக்கும்" என்று முந்தானையால் துடைத்துவிட்டார் அம்மா.

"தண்ணி பட்டாக்கூட பரவால்ல. இவ கை பட்டாத்தான் எதுவும் விளங்காது!"

இது எனக்கு. தண்ணீர் தெளித்தது அம்மா. திட்டு மட்டும் எனக்கு! கோபத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இனிமே லேப்டாப்ல கை வெச்ச, அவ்ளோதான்!" என்று சொல்லிவிட்டு, யாரிடமாவது போன் வாங்கி வர அண்ணன் சைக்கிளில் பறந்தான்.

நான் டாங்கிளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. செத்துப்போன பொருளில் விளக்கு எரியுமா?

லேப்டாப் திரையின் மூலையில் வட்டமாக ஒரு குட்டி சி.டி. படம் தெரிந்தது. எங்கள் லேப்டாப்பில் சி.டி. போடும் இடமே கிடையாதே! அப்படியென்றால் அது எங்கிருந்து வந்தது?

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வாரம் இதே அண்ணன்தான் பழைய விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டான். "இது ஓப்பன் சோர்ஸ். கறுப்புத் திரையில எல், எஸ், யு, எஸ், பி-ன்னு அடிச்சா, சொருகி வெச்சதெல்லாம் வரிசையா பேர் சொல்லும்" என்று என்னிடம் பீற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு டாங்கிளை இன்றைக்குத்தான் சொருகினான்.

போன வாரம் வரைக்கும் நன்றாக இருந்ததாம். போன வாரம் எல்லாவற்றையும் மாற்றியது யார்? அண்ணன் ஐயாதான்! பழி மட்டும் ரீட்டாவுக்கா?

நன்றாக அனுபவிக்கட்டும் என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை போனேன். ஆனால் ஒன்று. கோபம் அண்ணன்மேல்தான். அவன் படிப்புமேல் இல்லை. திரும்பி வந்தேன்.

"அம்மா, நான் லேப்டாப்பைத் தொடப் போறேன்."

"வேணாம்டி. வந்து கத்துவான்."

"தொடலன்னாலும் கத்துறானேம்மா!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இப்போது ஏதாவது ஆனால், நிஜமாகவே ரீட்டாதான் கெடுத்தாள் என்று ஆகிவிடும். கறுப்புத் திரையைத் திறந்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன்.

வரிகள் வந்தன. ஒன்று மவுஸ். இன்னொன்று கேமரா. அதற்குக் கீழே டாங்கிளில் அச்சடித்திருந்த அதே பெயர்! பக்கத்தில் ஏதோ ஓர் எண்.

"அம்மா! இது உயிரோடதான் இருக்குது!"

லேப்டாப்புக்கு டாங்கிள் தெரிகிறது. இன்றைக்குப் புதிதாகச் சொருகியது அது ஒன்றுதான்; அப்படியானால் அந்தச் சி.டி. படமும் அதனுடையதுதான். ஆனால் அதை மோடம் என்று நினைக்காமல் சி.டி. என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சி.டி.யை அனுப்பிவிட்டால் என்ன? சி.டி. படத்தின்மேல் மவுஸை வைத்து, 'வெளியேற்று' என்பதை அழுத்தினேன்.

பச்சை விளக்கு அணைந்தது. போச்சு!

கொஞ்ச நேரம் கழித்து நீல விளக்கு எரிந்தது. மறுபடியும் அதே எழுத்துகளை அடித்தேன். அதே பெயர்தான். ஆனால் எண் மாறியிருந்தது. சி.டி. வேடத்தைக் கலைத்துவிட்டு, டாங்கிள் மோடமாக வந்து நின்றது! நெட் பட்டியலைத் திறந்து, சிம் கம்பெனியின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். நெட் வந்துவிட்டது.

அண்ணன் வெறுங்கையோடு வந்தான். சட்டை முழுக்க வியர்வை. "யாரும் போன் தரலம்மா" என்றபோது அவன் குரல் உடைந்தது. அப்புறம்தான் திரையைப் பார்த்தான்.

"இது எப்படி...?"

"முதல்ல உக்காரு. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றேன்.

நானும் அம்மாவும் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றோம். நேர்காணல் முடிந்ததும் அண்ணன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"சீட்டு கெடச்சிடுச்சும்மா!"

அம்மா அழுதுவிட்டார். அண்ணன் என் தலையைத் தடவ வந்தான். நான் நகர்ந்துகொண்டேன்.

"டாங்கிள் கெட்டே போகல. லினக்ஸ் போட்ட அப்புறம் அதை லேப்டாப்பு சி.டி.ன்னு நெனச்சுக்கிச்சு. லினக்ஸ் போட்டது யாரு?"

"நான்தான்."

"திட்டு வாங்கினது யாரு?"

"சரி, சாரிடி" என்று முணுமுணுத்தான்.

"திட்டினது மட்டும் தெருவுக்கே கேட்டுச்சு. இதுவும் தெருவுக்கே கேக்கணும்!"

அண்ணன் பாவமாக அம்மாவைப் பார்த்தான்.

"அவ கேக்குறது நியாயம்தானே?" என்றார் அம்மா.

அண்ணன் வாசலில் போய் நின்று, "எங்க ரீட்டா எதையும் உடைக்கல! எனக்குத்தான் புரியல!" என்று கத்தினான்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"சரியா காதுல விழலப்பா ஜேம்ஸு" என்றார் ராஜாம்பாள் அத்தை. "இன்னொரு தடவை சொல்லு!"

எனக்கு அந்த அத்தையை ரொம்பப் பிடித்துவிட்டது.