குதிரைக்கு வேகவைத்த கொள்ளு

சகம் 1562, ஐப்பசி மாதம், நொய்யல் ஆற்றங்கரையில் வேலாம்பாறைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. உள்ளே நெல் தீர்ந்துபோய், குதிரைகளுக்கான கொள்ளு மட்டும் எஞ்சியிருந்தது. குதிரைப்படை விழுந்தால் கோட்டையும் விழும் என்பதால், அதில் ஒரு மணியை எடுத்தவரின் வலக்கை வெட்டப்படும் என்று கோட்டைத்தலைவர் மாந்தியப்பர் பறையறைவித்திருந்தார்.

அந்தி மயங்கி, முழுநிலவு ஆற்றின்மேல் வெள்ளித்தகடு விரித்து, அக்கரையில் பகைவர் பாசறைத் தீக்கள் ஒவ்வொன்றாய்க் கண்விழித்த வேளையில், அன்பார்ந்த வாசகர்களே, லாயத்தின் பின்னே ஒரு சிறிய அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன் அமர்ந்திருந்தவள் குதிரைகளுக்குக் கொள்ளு வேகவைக்கும் வேலாத்தாள். அருகே, விலாவில் ஈட்டி பாய்ந்த அவள் கணவன் செங்கோடன் சுரத்தில் கிடந்தான். கொள்ளை வடித்துக் கீழே கொட்டும் தண்ணீரில் புளியும் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு அவனுக்குப் புகட்டி வந்தாள். சளி பிடித்த நாளில் நாம் சோற்றில் பிசைந்துகொள்ளும் கொள்ளு ரசம்தான் அந்தச் சட்டியில் கொதித்தது. அன்று அவன் கண் திறந்திருந்தான்.

போர்வையால் முக்காடிட்ட வீரன் ஒருவன் இருமியபடி வந்தான்.

"எனக்கும் ஒரு வாய் ஊத்தம்மிணி. குளிரு எலும்புக்குள்ள போயிருச்சு."

"உக்காருங்கண்ணா. வடிச்ச தண்ணிதானுங்க. குதிரைக்குக் கொறை இல்லீங்க."

அவன் குடித்து முடித்து, சட்டியை எட்டிப் பார்த்தான். "வெறுந்தண்ணிக்கு இந்த ருசி வராதே. எங்கூட்டுக்காரி வெச்சா கழுநீராட்டமிருக்கும்."

வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. முற்றுகை தொடங்கியதிலிருந்து அவள் சமையலை ஒருவரும் மெச்சியதில்லை.

"வெறுந்தண்ணி வவுத்துல நிக்காதுங்கண்ணா. வெந்த கொள்ளுல ஒரு கை அள்ளி அம்மில அரைச்சுக் கரைக்கோணும். அக்காகிட்டச் சொல்லுங்க."

அவன் முக்காட்டை விலக்கினான். நிலவொளியில் தெரிந்த முகம் மாந்தியப்பருடையது.

வேலாத்தாள் தரையில் விழுந்தாள். "சாமி, என்ற புருசன் சாகக் கெடந்தானுங்க."

"அறிவேன். அவனை எழுப்பியது இது. என் வீரர்களையும் எழுப்பும். நாளை முதல் கோட்டை முழுவதற்கும் நீயே இதைச் செய்வாய். அதற்கான கொள்ளு என் ஆணையால் வரும். இன்று நீ எடுத்தது களவு."

"கை போனா எப்படீங்க சாமி அரைக்கறது?"

"இடக்கை இருக்கிறதே, பெண்ணே."

காவலர் வந்தனர். அவள் வலக்கை மணிக்கட்டோடு வெட்டப்பட்டது. மறுநாள் மாலை கோட்டையில் எல்லோருக்கும் கொள்ளு ரசம் ஊற்றினார்கள்.