பந்து ஏன் எழும்பவில்லை?

மதுரா ஒன்பதாவது முறையாக ஓங்கி அடித்தாள். இந்த முறையும் பந்து பறக்கவில்லை. நாலு முழத் தூரம் உருண்டுபோய், கடற்கரை மணலில் பாதி புதைந்து நின்றது.

"அக்கா, கோல்ஃப் பந்து பறக்கும் எண்டு சொன்னனீங்கள். இது நடந்தெல்லோ போகுது!" என்றான் தம்பி ஜெயதீபன். பந்தை எடுத்து வருவது அவன் வேலை.

"வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டு வா."

மட்டையில் என்ன பிழை? தண்டு நேராக இருந்தது. தலை ஆடவில்லை. பிறகேன் பந்து எழும்ப மறுக்கிறது?

மதுராவுக்குக் கோல்ஃபில் ஆசை ஒன்றும் இல்லை. எல்லாம் கஜந்தினிக்காகத்தான். கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் அவள். விடுமுறைக்குப் பெரியம்மாவோடு வல்வெட்டித்துறைக்கு வந்திருந்தாள். வந்த முதல் நாளே, "நான் சோறு குடிச்சிட்டன்" என்றாள். வீடே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் மதுராதான். அன்றோடு கஜந்தினி தமிழில் கதைப்பதை நிறுத்திவிட்டாள். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் திரும்பிப் போக இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

அந்தச் சிரிப்பு மதுராவின் தொண்டையில் மீன்முள்ளைப் போலச் சிக்கிக்கொண்டிருந்தது. "இவளுக்கு அங்கை கோல்ஃப் எண்டால் சாப்பாடும் வேண்டாம்" என்று பெரியம்மா சொன்னதும், மதுராவுக்கு ஒரு யோசனை வந்தது: கஜந்தினிக்கு ஒரு கோல்ஃப் மட்டை வாங்கிக் கொடுத்தால் என்ன?

நெல்லியடியில் தியாகலிங்கம் மாமாவின் கடையில் வெளிநாட்டுப் பழைய சாமான்கள் கிடைக்கும். அம்மா சந்தைக்குப் போன அன்று, வருசப்பிறப்புக்குக் கிடைத்த கைவிசேஷக் காசை எடுத்துக்கொண்டு மதுராவும் கூடப் போனாள். ஒரு நீலப் பீப்பாய்க்குள் எட்டுக் கோல்ஃப் மட்டைகள் நின்றன.

மதுராவின் அப்பா கடற்றொழில் செய்பவர். துடுப்பு வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நுனியிலிருந்து நுனிவரை பார்ப்பார். கொஞ்சம் வளைந்திருந்தாலும் வாங்கமாட்டார். மதுராவும் அப்படியே ஒவ்வொரு மட்டையாகப் பார்த்தாள். ஏழு மட்டைகளின் இரும்புத் தலை பின்பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்றின் தலை மட்டும் சுவர் போல நிமிர்ந்து நின்றது.

"மாமா, உதெல்லாம் அடிச்சு அடிச்சு வளைஞ்சு போச்சு. இது ஒண்டுதான் பழுதில்லை."

"அப்பிடியோ பிள்ளை? எனக்கென்ன தெரியும்? நான் உதுகளாலை எலிதான் கலைக்கிறனான்," என்றார் மாமா. இரண்டு பந்துகளைச் சும்மா தந்தார்.

அந்த மட்டைதான் இப்போது மதுராவின் கையில் இருந்தது. பறக்கவைக்காத மட்டையைக் கொடுத்தால், கஜந்தினி அதையும் கேலி என்றுதானே நினைப்பாள்?

பத்தாவது அடியும் உருண்டது. கோபத்தில் மதுரா பந்தை எடுத்து வீசி எறிந்தாள். அது கரையில் கவிழ்த்துக் கிடந்த பழைய படகின் பக்கத்தில் பட்டது. பட்டதும் மேலே எழும்பி, படகைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

மதுரா வாயைப் பிளந்தாள். "தம்பி, கெதியா எடுத்துக்கொண்டு வா!"

மறுபடி எறிந்தாள். மறுபடி மேலே பறந்தது. பிறகு ஒரு மதிலில் எறிந்து பார்த்தாள். பந்து வந்த வழியே திரும்பி வந்தது.

மதில் நிமிர்ந்து நின்றது. படகின் பக்கமோ சாய்ந்திருந்தது.

மதுரா மட்டையின் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அசல் மதில்!

"ஐயோ, கடையிலை நிண்ட மற்ற மட்டையள் வளையேல்லையடா! அப்பிடித்தான் செய்திருக்கினம்!"

அடுத்த நாள் அம்மாவைக் கெஞ்சி மறுபடியும் நெல்லியடிக்குப் போனாள்.

"மாமா, இதை வைச்சுக்கொண்டு, வளைஞ்சதிலை ஒண்டு தாங்கோ."

தியாகலிங்கம் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "நேர்ச் சாமானைத் தந்திட்டு வளைஞ்சதைக் கேக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன். எடு பிள்ளை, எடு."

அன்று பின்னேரம் மதுரா கஜந்தினியின் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு இழுத்து வந்தாள். மட்டையைக் கண்டதும் கஜந்தினியின் கண்கள் விரிந்தன.

"அண்டைக்கு உன்னைப் பாத்துச் சிரிச்சது என்ரை பிழை. இப்ப நீ என்னைப் பாத்துச் சிரி," என்று சொல்லிவிட்டு, மதுரா ஓங்கி அடித்தாள்.

பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு பிடி மணல் கிளம்பி ஜெயதீபனின் தலையில் கொட்டியது.

"அக்கா! பறக்கவேண்டியது பந்து!"

கஜந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், தயங்கித் தயங்கி, "மெல்ல அடி. பந்து பார். உன் தலை தூக்காதை," என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மதுரா அவள் சொன்னபடியே மெல்ல அடித்தாள்.

டொக்!

பந்து எழும்பியது. கவிழ்த்துக் கிடந்த படகுக்கு மேலால் பறந்தது. அதைப் பிடிக்க ஜெயதீபன் கத்திக்கொண்டு ஓடினான்.

"நல்ல மட்டை! இது சரி எண்டு எப்பிடி நீ கண்டுபிடிச்ச?" என்று கேட்டாள் கஜந்தினி.

மதுரா மட்டையைத் தூக்கி அதன் தலையைக் காட்டினாள்.

"முகம் நிமிர்ந்து நிண்டால் பந்து உருளும். முகம் சாய்ஞ்சிருந்தால் பந்து பறக்கும். அவ்வளவுதான்."