ரெண்டு இழுப்பு

“நாளைக்கு முப்பதாம் நாள் பூசை, அண்ணே. அவரு வாசிச்ச இந்த பேஸ் கிடாரு கோயில்ல—”

“ஏளா, கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சு கெடக்கு. இத வச்சு எவன்—”

“—வாசிக்கத்தான் செய்யணும். அவரு ஒடம்புதான் கடலோட போச்சு, இதாவது கோயிலுக்கு வரட்டும். வருசா வருசம் நீதான சரிபண்ணிக் குடுப்ப? இப்ப தொடவே பயப்படுதியே.”

ஜெரால்டு கிடாரை மேசைமேல் கிடத்தினான். பிளாரன்ஸ் கடுங்காப்பி போட உள்ளே போனாள்.

அவள் புருஷன் ரெக்சன் சங்கு குளிக்க இறங்கினால், படகில் கயிறு பிடிப்பது ஜெரால்டுதான். மச்சான் கையில்தான் கயிறு இருக்கணும் என்பது அந்தக் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் கயிற்றைத் தளர்த்தணும். ரெண்டு வந்தால் தூக்கணும். அவன் திரும்பி வராத அன்றைக்கு ஒன்றுதான் வந்தது என்று ஊரிடம் சொன்னான், பங்குச் சாமியாரிடம் சொன்னான், தங்கச்சியிடமும் சொன்னான். ரெண்டாவதை அலை என்று நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை வலப்பக்கம் திருகினால் வளைவு நிமிரும். தலைமாட்டுத் துளையில் ஆலன் கீயை விட்டுக் கால் சுற்றுத் திருகினான். மத்தியான வெக்கையில் மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றியது, துறைமுகம் போகும் லாரிகளின் அதிர்வில் சன்னல் முனகியது, துளைக்குள்ளிருந்து அழுகத் தொடங்கிய சங்குச் சதையின் வீச்சம் மெல்ல ஏறி வந்து விரல்களில் ஒட்டிக்கொண்டது. இரும்பு ஸ்கேலைக் கழுத்தின்மேல் வைத்துப் பார்த்தான். முதலில் நடுவில் தீக்குச்சி நுழையும் இடைவெளிதான் இருந்தது. இப்போது பென்சில் நுழைந்தது.

இன்னும் கால் சுற்று. வளைவு கூடியது.

தந்திகள்தான் இழுக்கின்றன என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூன்றைக் கழற்றினான். தடித்த நாலாவதை முறுக்காணியிலிருந்து விடுவித்தான். அதன் நுனி மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. தந்தி இல்லாத கழுத்து நிமிர்ந்தாகணும்.

நிமிரவில்லை. மரம் கிறீச்சிட்டு முறுகியது.

குனிந்து பார்த்தான். தந்தி தொங்கவில்லை. விறைத்து நின்றது. நுனியில் யாரும் இல்லை. சொட்டு. சொட்டு. சிமெண்டுத் தரையில் தண்ணீர்.

நக்கினால் உப்புக் கரிக்கும். நக்காமலே தெரிந்தது.

தந்தி ஒருமுறை வெட்டி இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

“என்ன சத்தம் அண்ணே?”

பிளாரன்ஸ் காப்பி டம்ளரை வைத்தாள். தந்தியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கயிறு பிடிக்கிறவர்கள் வீட்டில் பிறந்தவள். தந்தியைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இத்தனை நாளாகச் செத்துக் கிடந்த முகம் மெல்ல மலர்ந்தது. தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டு, ஜெரால்டு பக்கம் திரும்பி வந்தது.

“ரெண்டுதான வருது, அண்ணே. தூக்கட்டுமா?”